மணிக்கும் பாடம், நமக்கும் பாடம்

மணி ஒரு நாட்டு நாய். வயது 10 மாதம். செம்மண் நிறம். நிமிர்ந்த காது. சுருண்ட வால்.

ஒரு மழை நாளில் தெரு ஓரத்தில் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டி அது. வீட்டுப் பையன் தூக்கி வந்தான். சோறு போட்டு வளர்த்தான்.

குட்டியாக இருந்தபோது மணி எல்லோர் மேலும் தாவும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "எவ்வளவு பாசம் பாரு!" என்று கொஞ்சினார்கள். மணி வளர்ந்தது. எடை 15 கிலோ ஆனது. ஆனால் தாவும் பழக்கம் போகவில்லை.

ஒரு நாள் எதிர் வீட்டுப் பாட்டி உறைமோர் வாங்க வந்தார். மணி வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாட்டியின் தோளில் வைத்தது. பாட்டி நிலை தடுமாறி விழுந்தார். கை எலும்பு முறிந்துவிட்டது.

அப்பாவுக்குக் கோபம் தாங்கவில்லை. "இந்தச் சனியனைச் சாக்கில் கட்டி, பக்கத்து ஊர்ச் சந்தையில் விட்டுவிட்டு வருகிறேன்" என்றார். பையன் அழுதான். "விடுவதற்கு முன்னால் கால்நடை மருத்துவரை ஒரு தரம் கேட்போமே" என்றார் அம்மா.

மூவரும் மணியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மருத்துவர் ஒரு பெண். அவர் முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"மணி தாவும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"நான் தடவிக் கொடுப்பேன்" என்றான் பையன்.

"நான் 'ச்சீ, போ' என்று தள்ளுவேன்" என்றார் அம்மா.

"எனக்குக் கோபம் வந்தால் அடிப்பேன். வராவிட்டால் பேசாமல் இருப்பேன்" என்றார் அப்பா.

மருத்துவர் சிரித்தார். "ஒரு நாய்க்கு மூன்று சட்டமா? அது எதைக் கேட்கும்? தாவினால் கொஞ்சுவார்கள் என்று நீங்கள்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அதை மாற்றவும் உங்களால் முடியும். சந்தையில் விட்டால் என்ன ஆகும்? பசியில் அலையும். பயத்தில் யாரையாவது கடிக்கும். அந்த ஊரிலும் ஒரு பாட்டி இருப்பார் அல்லவா?"

அப்பா தலை குனிந்தார்.

மருத்துவர் சொன்னவற்றை நாமும் தெரிந்துகொள்வோம்.

நாய் எப்படிக் கற்கிறது?

ரஷ்ய நாட்டில் பாவ்லோவ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். உணவு எப்படிச் செரிக்கிறது என்று ஆராய்ந்தார். அதற்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார். உணவு தருவதற்குச் சற்று முன் ஒரு ஒலி எழுப்பினார். தினமும் இப்படியே செய்தார். சில நாளில் ஒலியைக் கேட்ட உடனே நாய்க்கு எச்சில் ஊறியது. உணவு இன்னும் வரவே இல்லை!

இதை நம் வீட்டிலும் பார்க்கலாம். தட்டுச் சத்தம் கேட்டால் நாய் ஓடி வருகிறது. தட்டுக்குப் பின் சோறு வரும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது.

ஒன்றை அடுத்து ஒன்று வந்தால், இரண்டையும் நாய் முடிச்சுப் போட்டு வைக்கும். ஒரு செயலால் நல்லது கிடைத்தால், அதை மறுபடியும் செய்யும். ஒன்றும் கிடைக்காவிட்டால், மெல்ல மெல்ல விட்டுவிடும். பழக்குவதன் ரகசியம் இவ்வளவுதான்.

பரிசு உடனே வேண்டும்

நாய் நல்லது செய்ததும் பரிசு கொடுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் எதற்குப் பரிசு என்று அதற்குப் புரியாது.

பரிசு பெரிதாக இருக்க வேண்டாம். விரல் நுனி அளவு சப்பாத்தித் துண்டு போதும். பொறைத் துண்டு, அவித்த முட்டைத் துண்டும் கொடுக்கலாம். "நல்ல பிள்ளை!" என்று சொல்லித் தடவிக் கொடுப்பதும் பரிசுதான். சாக்லேட், வெங்காயம், திராட்சை மட்டும் கொடுக்காதீர்கள். அவை நாய்க்கு நஞ்சு.

அடித்தால் திருந்தாதா?

திருந்தாது. காலையில் செருப்பைக் கடித்த நாயை மாலையில் அடிக்கிறோம். செருப்புக்காக அடி விழுந்தது என்று நாய்க்குத் தெரியாது. "இவர் வந்தால் அடி விழும்" என்பது மட்டும் தெரியும். அது நம்மைக் கண்டு பயப்படும். பயந்த நாய்தான் பெரும்பாலும் கடிக்கும்.

முதல் பாடம்: "உட்காரு"

பசி நேரத்தில் தொடங்குங்கள். ஒரு தின்பண்டத் துண்டை நாயின் மூக்குக்கு அருகே பிடியுங்கள். கையை மெதுவாக அதன் தலைக்கு மேல் பின்பக்கமாகக் கொண்டு போங்கள். நாயின் முகம் மேலே போகும். பின்பாகம் தானாகத் தரையில் படியும். அந்த நொடியில் "உட்காரு" என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். முதுகைப் பிடித்து அமுக்க வேண்டாம்.

ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். ஒரு நாளைக்கு மூன்று தடவை செய்யுங்கள். அதன்பின் "வா", "இரு", "விடு" என்ற சொற்களையும் இதேபோல் கற்றுக் கொடுக்கலாம்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் "உட்காரு" என்கிறார். இன்னொருவர் "குந்து" என்கிறார். மூன்றாமவர் "சிட்" என்கிறார். நாய் குழம்பிப் போகும்.

தாவும் பழக்கம்

நாய் தாவுவது நம் கவனத்தைப் பெறத்தான். திட்டினாலும், தள்ளினாலும் கவனம் கிடைத்துவிடுகிறது. அதனால் தாவியதும் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நில்லுங்கள். பேச வேண்டாம். பார்க்கவும் வேண்டாம். நான்கு காலும் தரையில் பட்டதும் திரும்புங்கள். பாராட்டுங்கள்.

வீட்டுக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். ஒருவர் மட்டும் கொஞ்சினாலும், பழையபடி தாவத் தொடங்கிவிடும்.

வீட்டுக்குள் அசுத்தம் செய்தால்

குட்டியால் வெகு நேரம் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும் வெளியே கூட்டிப் போங்கள். சாப்பிட்ட பின்னும், விளையாடிய பின்னும், இரவு படுக்கும் முன்னும் கூட்டிப் போங்கள். தினமும் ஒரே இடத்துக்குப் போங்கள். அங்கே போனதும் பாராட்டுங்கள்.

வீட்டுக்குள் போய்விட்டால் பேசாமல் சுத்தம் செய்யுங்கள். வாடை இருந்தால் மறுபடியும் அங்கேயே போகும். சிலர் குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை. தெருவில் போனாலும் காகிதத்தால் எடுத்துச் சுத்தம் செய்வது நம் பொறுப்பு.

குட்டி கடித்து விளையாடினால்

குட்டிக்கு 28 பால் பற்கள் உண்டு. அவை விழுந்து 42 பற்கள் முளைக்கும். ஈறு நமநமவென்று இருக்கும். எதையாவது கடிக்கத் தோன்றும். பழைய துண்டை முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். கையைக் கடித்தால் "ஆ!" என்று சொல்லி விளையாட்டை நிறுத்துங்கள். கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்று அது புரிந்துகொள்ளும்.

சங்கிலி ஒழுக்கம் தராது

"நாய் முரடு. அதனால் கட்டி வைத்தோம்" என்று சிலர் சொல்வார்கள். பல நேரம் கட்டி வைப்பதால்தான் அது முரடாகிறது. நாள் முழுதும் கட்டிக் கிடக்கும் நாய்க்கு ஓட வழி இல்லை. பயந்தால் விலகிப் போகவும் வழி இல்லை. கடிப்பது ஒன்றுதான் வழி.

காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்க வையுங்கள். கயிற்றை இழுத்தால் நின்றுவிடுங்கள். கயிறு தளர்ந்ததும் நடங்கள். இழுத்தால் போக முடியாது என்று நாய் கற்றுக்கொள்ளும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. நாயை அளவுக்கு மீறிக் கட்டிப் போடுவது குற்றம். எப்போதும் கட்டிக் கிடக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பது குற்றம். பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும் குற்றம்.

இன்னொரு சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா. இது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 291-ஆம் பிரிவு, பிராணி வளர்ப்பவர்களின் கவனக் குறைவு பற்றியது. நம் பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

உறுமல் ஒரு எச்சரிக்கை

நாய் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கடிக்கும். உடம்பை விறைக்கும். வாலை இடுக்கும். முகத்தைத் திருப்பும். உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும். உறுமும். "என்னை விடு" என்பது இதன் பொருள். அப்போது விலகிவிடுங்கள். உறுமியதற்காக அடிக்காதீர்கள். அடித்தால் உறுமுவதை விட்டுவிடும். பிறகு எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும்.

நாய் தின்னும்போதும், தூங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். சிறு குழந்தையையும் நாயையும் தனியே விடவே கூடாது. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி.

நாட்டு நாயால் முடியுமா?

முடியும். உத்தரப் பிரதேசத்தில் மீரட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நம் ராணுவம் நாய்களைப் பழக்குகிறது. மத்தியப் பிரதேசத்தில் குவாலியர் நகருக்கு அருகே தேகன்பூர் இருக்கிறது. அங்கே எல்லைப் பாதுகாப்புப் படை நாய்களைப் பழக்குகிறது. ஒளித்து வைத்த வெடிமருந்தை மோப்பம் பிடிக்கவும் நாய்கள் கற்கின்றன. கர்நாடகத்தின் முதோல் நாய் நம் நாட்டு இனம். அதுவும் மீரட்டில் பயிற்சி பெற்றிருக்கிறது. தெருவில் பிறந்த மணிக்கும் அதே மூக்கு, அதே காதுதான். வயதான நாயும் கற்கும். கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும்.

ஊசியை மறக்காதீர்கள்

வெறிநாய்க் கடி நோய் கொடியது. நோய்க்குறி தெரிந்த பின் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் ஊசியால் அதைத் தடுக்க முடியும். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். அடுத்த ஊசி எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

நாய் கடித்தாலோ, பல்லோ நகமோ கீறினாலோ, உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டது அந்தக் காலம். இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். வலி நின்றதும் ஊசியையும் நிறுத்திவிடாதீர்கள். சொன்ன நாளில் போய் எல்லா ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

மணி கற்றுக்கொண்டது

அன்று முதல் மணி வீட்டில் ஒரே சட்டம். முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. தாவி, தாவி மணியே களைத்துப் போனது. பையனுக்குக் கொஞ்சாமல் இருக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றான். அப்பாவின் கை ஓங்கும். உடனே கீழே இறங்கிவிடும். மூன்றாம் வாரம் மணி வாசலில் உட்கார்ந்து வாலை மட்டும் ஆட்டியது.

பாட்டியின் மருத்துவச் செலவை அப்பாவே கொடுத்தார். கைக்கட்டு அவிழ்த்த பின் ஒரு நாள் பாட்டி வாசலுக்கு வந்தார். பயத்தோடு படியில் நின்றார்.

"மணி, உட்காரு" என்றான் பையன். மணி உட்கார்ந்தது.

பாட்டி சற்று நேரம் பார்த்தார். "இத்தனை நாளாக இதற்கு இது தெரியாதா?" என்று கேட்டார்.

"எங்களுக்குத்தான் தெரியாது பாட்டி" என்றார் அப்பா.

நினைவில் வைப்போம்

1. நல்லது செய்ததும் உடனே பரிசு.
2. அடி வேண்டாம். அடி பயத்தைத்தான் வளர்க்கும்.
3. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம், ஒரே சொல்.
4. தினமும் நடை. நாள் முழுதும் சங்கிலி கூடாது.
5. உறுமினால் விலகுவோம்.
6. தவறாமல் தடுப்பூசி.

கலந்து பேசுங்கள்

1. மணி ஏன் எல்லோர் மேலும் தாவியது?
2. உறுமும் நாயை ஏன் அடிக்கக் கூடாது?
3. நாய் கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
4. உங்கள் தெருவில் நாள் முழுதும் கட்டிக் கிடக்கும் நாய் உண்டா? அந்த வீட்டாரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?