வயலில் கற்ற நடனம்

நாற்று நட்டவர்களுக்குத் தெரியும், அது இடுப்பின் வேலை. கால் சேற்றில் புதையும், முதுகு வளையும். தைவானின் கிளவுட் கேட் நடனக் குழு 2013-இல் படைத்த 'அரிசி' என்ற நவீன நடனம் இந்த உடலசைவிலிருந்துதான் பிறந்தது.

அதை அமைத்தவர் லின் ஹ்வாய்-மின். 1973-இல் இக்குழுவைத் தொடங்கியவர். தைவானின் கிழக்கே தைத்துங் வட்டாரத்தில் உள்ள சிஷாங் என்ற ஊரின் நெல்வயல்களே இந்தப் படைப்புக்கு மூலம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பேரரசருக்கு அரிசி அனுப்பிய ஊர் அது. பின்னாளில் ரசாயன உரத்தால் அந்தப் பெயர் கெட்டது. விவசாயிகள் இயற்கை வேளாண்மைக்குத் திரும்பி அதை மீட்டார்கள். வயல் நடுவே மின்கம்பம் வேண்டாம் என்றும் எதிர்த்து நின்றார்கள். இன்று அங்கே பச்சை வயல் மலையடிவாரம் வரை தடையின்றி விரிந்து கிடக்கிறது.

லின் தம் ஆட்டக்காரர்களைச் சிஷாங்குக்கு அழைத்துச் சென்று அறுவடையில் இறக்கினார். ஒத்திகைக் கூடத்தின் வழவழப்பான தரைக்கும் வயலுக்கும் உள்ள வேறுபாடு அவர்களின் காலுக்குப் புரிந்தது. இன்னொரு பக்கம், ஒளிப்பதிவாளர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் அந்த வயலைப் படம்பிடித்தார். நீர் பாய்ச்சுவது முதல் கதிர் முற்றி, அறுவடைக்குப்பின் தாளைக் கொளுத்துவது வரை பதிவான அந்தக் காட்சிகள் மேடையின் பின்திரையில் ஓடுகின்றன.

மண், காற்று, மகரந்தம், வெயில், தானியம், நெருப்பு, நீர் எனப் பகுதிகள் விரிகின்றன. கதை என்று ஒன்று கிடையாது. நெற்பயிரின் வாழ்வே மனித வாழ்வாகவும் தெரிகிறது. மகரந்தப் பகுதியில் ஓர் ஆணும் பெண்ணும் இணைவதை மிக நிதானமாகக் காட்டுகிறார்கள். தைவானின் ஹக்கா நாட்டுப்பாடல்களோடு இத்தாலிய ஓபரா இசையும் ஒலிக்கிறது. படிக்கும்போது பொருந்தாதது போலத் தோன்றினாலும், வயலில் வீசும் காற்றுக்கு ஊர், மொழி ஏது?

பரதநாட்டியம் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழலாம். பரதத்தில் மலரை 'அலபத்ம' முத்திரை காட்டும். பார்ப்பவர் அதைப் படித்துக்கொள்வார். இங்கே படிக்க முத்திரை இல்லை. பயிர் எப்படி வேரில் கனமாகவும் நுனியில் இலகுவாகவும் நிற்கிறதோ, அப்படியே ஆட்டக்காரரின் உடல் நிற்கிறது. இடுப்புக்குக் கீழே பாரம், மேலே மூச்சு. சீ கோங் மூச்சுப் பயிற்சியும் தற்காப்புக் கலையும் இக்குழுவின் அன்றாடப் பயிற்சியில் உண்டு. அதனால்தான் இது கைகூடுகிறது. இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதம் தேவையற்றது.

கெடா, சிகிஞ்சான் பக்கம் வயல் பார்த்தவர்களுக்கு இந்த நடனம் அந்நியமாக இருக்காது. விடியுமுன் பால்மரத்தின் முன் குனிந்து, பட்டையைச் சீவியபடி அடுத்த மரத்துக்கு நகர்ந்த நம் பாட்டிமார்களின் உடலிலும் இப்படியொரு தாளம் இருந்தது. அதை மேடையில் பார்க்கும் ஆசை இதை எழுதும்போது எழாமல் இல்லை.

படைப்பின் கடைசிப் பகுதி நீர். நெருப்பில் கருகிய வயலுக்குள் மறுபடியும் தண்ணீர் பாய்கிறது, அடுத்த நடவுக்காக.