அலையும் ஜீப்பை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

எண்ணூர் விரைவுச் சாலையில் பழைய ஜீப் ஓட்டுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. திருவொற்றியூரிலிருந்து வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம். பிற்பகல் கடற்காற்று வண்டியை இடப்பக்கம் தள்ளும். ராயபுரம் நோக்கித் திரும்பினால் அதே காற்று வலப்பக்கம் தள்ளும். போகும்போதும் வரும்போதும் வண்டி ஒரே பக்கம் ஒதுங்கினால், காற்றைக் குறை சொல்ல முடியாது. ஒரு டயரில் காற்று குறைந்திருக்கலாம், ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசலாம். இவை எதுவும் இல்லாமல், நேராகப் பிடித்திருக்கும்போதே மாறி மாறி நழுவினால்தான் வண்டி அலைகிறது என்று பொருள்.

இங்கே சாலையையும் சந்தேகிக்க வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் தாரை அழுத்தித் தடம் பதித்துவிடுகின்றன. அகலமான டயர் அந்தத் தடத்தின் விளிம்பில் ஏறினால் நல்ல ஸ்டீரிங்கும் இழுக்கும். தடமில்லாத சமதளத்திலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பட்டறைக்குப் போனதும் பலர் முதலில் கை வைப்பது ஸ்டீரிங் பாக்ஸின் மேலுள்ள திருகில். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். திருகை இறுக்கியதும் பிளே குறைந்ததுபோல் இருக்கும். ஆனால் பாக்ஸின் உள்பாகம் அதிகம் தேய்வது, வண்டி நேராகப் போகும் நடு இடத்தில்தான். அங்கே இறுக்கினால் திருப்பும்போது பிடிக்கும், வளைவு முடிந்தபின் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. கையால் திருத்தித் திருத்தி ஓட்ட, அலைச்சல் கூடும்.

டயர் காற்றைச் சரிபார்த்தபின், நான்கு சக்கரமும் தரையில் இருக்க, எஞ்சினை நிறுத்துங்கள். ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சற்றே ஆட்ட வேண்டும், இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பாக்ஸே சேஸிஸில் அசைகிறதா? உப்புக் காற்றில் நிற்கும் வண்டியில் போல்ட் தளர்வையும் விரிசலையும் துரு மறைத்துவிடும், கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். அடுத்து டிராக் லிங்க், டை ராடு எண்டுகள். மகிந்திரா 1947 முதல் இந்தியாவில் பூட்டித் தந்த வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த பழைய வண்டிகளில், முன்பக்க நடுவில் பெல்கிராங்க் இருக்கும். பெல்கிராங்கின் அச்சாணி தேய்ந்தால் இரண்டு டை ராடுகளும் சேர்ந்து ஆடும்.

பிறகு ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின். அசோக் மோட்டார்ஸ் 1948-இல் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்டாக மாறிய எண்ணூர் வட்டாரத்தில், லாரி கிங்பின் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் லாரிக்கு புஷ், நான்கு சக்கர இழுவை உள்ள இந்த ஜீப்புக்கு டேப்பர் பேரிங். மெல்லிய ஷிம் தகடுகளை எடுத்தோ சேர்த்தோ இறுக்கம் வைக்க வேண்டும். இதை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஸ்பிரிங் பட்டைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். யூ போல்ட் தளர்ந்தாலோ ஷாக்கில் புஷ் போனாலோ ஆக்ஸிலே நகர்கிறது. புது டை ராடு எண்டு போட்டும் பயனில்லை. உயரத்துக்காக முன்பக்கம் நீள ஷாக்கில் போட்டவர்களுக்குத் தனித் தொல்லை. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது, கைவிட்டாலும் அது நேராகப் போக உதவுகிறது. ஜீப்பில் அந்தச் சாய்வுக்குப் பெயர் கேஸ்டர், வில்லிஸ் வகைக்கு சுமார் 3 டிகிரி. நீள ஷாக்கில் அதைக் குறைத்துவிடும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்து மீட்கலாம்.

அலைன்மெண்ட் கடைசி வேலை. மூட்டுகள் ஆடும் வண்டியில் டோ அளந்தால், கடையில் வந்த எண் முதல் பள்ளத்திலேயே மாறிவிடும். கழற்றிய காஸில் நட்டுகளுக்கெல்லாம் புது ஸ்பிளிட் பின் போடுங்கள். சில நாள் ஓட்டியபின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், பட்டை படிந்து உட்கார்ந்ததும் அவை தளரும்.