கெடு தாண்டிய வண்டி

"இதோ வந்துகொண்டே இருக்கிறேன்" என்ற சொல்லை நம்பி, இரவு முழுவதும் வாசலில் காத்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா, நண்பர்களே? எனக்கு உண்டு.

கப்பல் வேலைக்குச் சென்ற என் மாமா, தம் காரை எங்கள் பொறுப்பில் விட்டுச் சென்றார். அதைத் தெரிந்தவர்களுக்கு நாள் வாடகைக்குக் கொடுத்து வந்தோம். ஒருநாள், திருச்செந்தூர் சென்று இரவு எட்டு மணிக்குத் திரும்புவதாகக் கூறி ஒருவர் எடுத்துச் சென்றார். மறுநாள் விடியற்காலை அதே காரில் பக்கத்துத் தெருப் பெரியவர் சிகிச்சைக்காக மதுரை செல்ல வேண்டும். கார் வந்ததோ நண்பகலில்! பெரியவர் தள்ளாடியபடியே பேருந்து ஏறிப் போய்விட்டார். "அரை நாள் வாடகை கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எளிதாகச் சொன்னார் காரைக் கொண்டுவந்தவர்.

துறைமுகத்தில் சுமை தூக்கும் என் தந்தை அன்று கேட்டார்: "கப்பல்ல சரக்கு இறக்கப் பிந்துனா டெமரேஜ் போடுதான்லா. நம்ம காருக்கு என்னல கணக்கு வச்சிருக்க?"

அக்கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கப்பலை வாடகைக்கு எடுப்பவருக்குச் சரக்கேற்றவும் இறக்கவும் இத்தனை நாள் என்று ஒப்பந்தத்திலேயே கெடு உண்டு. அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு இவ்வளவு எனத் தாமதத் தொகை கட்ட வேண்டும். அதுவே டெமரேஜ். பொதுவாக, கெடு தாண்டியபின் ஞாயிறும் விடுமுறையும்கூடக் கணக்கில் சேரும். தொகை முன்னரே பேசப்பட்டதால் பின்னர்ச் சண்டைக்கு இடம் குறைவு.

காருக்கும் சட்டம் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 160-ஆம் பிரிவின்படி, காலம் முடிந்ததும் உரியவர் கேளாமலே பொருளைத் திருப்பித் தர வேண்டும். 161-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. பெற்றவரின் தவறால் தாமதமானால், அந்நேரம் முதல் பொருளுக்கு நேரும் இழப்பு, அழிவு, சேதம் அனைத்துக்கும் அவரே பொறுப்பு. தாமதத் தொகையை எழுதி வைத்திருந்தால், 74-ஆம் பிரிவின்படி அத்தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு கிடைக்கும். மிரட்டலுக்காக மிகப்பெரிய தொகையை எழுதிப் பயனில்லை.

ஆனால் சட்டத்தைப் படிக்கப் படிக்க என் தலையே குனிந்தது. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துள்ள சொந்தக் காரை வாடகைக்கு விடுவதே தவறாம்! ஓட்டுநரின்றி வாடகைக்கு விடும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து வேண்டும். 1989-ஆம் ஆண்டுத் திட்டப்படி உரிமம் பெறுவதற்கோ ஐம்பது கார்களுக்குக் குறையாமல் வேண்டும். சொந்தக் காருக்கான காப்பீடு வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. அன்றிரவு விபத்து நேர்ந்திருந்தால் எங்கள் குடும்பம் என்னவாகியிருக்கும்?

வாடகைக்கு விடுவதை அன்றோடு நிறுத்தினோம். உரிமத்தோடு இத்தொழில் செய்வோர், திரும்பும் நேரம், சலுகை நேரம், மணிக்குரிய தாமதத் தொகை ஆகிய மூன்றையும் எழுதிக் கையொப்பம் பெறட்டும். வண்டிகளை அடுத்தடுத்து இடைவெளியின்றி ஒப்புக்கொள்ளாதிருக்கட்டும்.

வாடகைக்கு எடுப்போரே, தாமதத் தொகையைக் கட்டிவிடலாம். பேருந்தில் தள்ளாடிச் சென்ற பெரியவருக்கு யார் கணக்குத் தீர்ப்பது?