கூந்தன்குளம் கரையில் ஒரு நடை

கரிசல் சீமையில் மழைக்கால வெள்ளாமை தை, மாசியில் வீடு வந்து சேர்ந்துவிடும். விளாத்திகுளம் வட்டம் புதூர் பகுதியில் கம்பு, உளுந்து, பாசி, மல்லி எடுத்தபின் வேலை சற்றுக் குறையும். ஊரில் கண்மாய் தூர்வாரும் பேச்சு எழுவதும் அதன் பிறகுதான். அதற்கு முன்பாக விவசாயிகள் ஒருமுறை பார்த்து வர வேண்டிய இடம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம்.

இது திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ளது. திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். மழைநீரும் மணிமுத்தாறு கால்வாய் நீரும் சேரும் பாசனக் குளமே இது. 1994ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

கரையே பாதை

இங்கு நடப்பதற்கு மேடு பள்ளம் ஏற வேண்டியதில்லை. குளத்தின் கரையே பாதை. முதியோரும் பிள்ளைகளும் சிரமமின்றி நடக்கலாம். அதிகாலையிலோ மாலை நான்கு மணிக்குப் பிறகோ செல்வது நல்லது. நடுப்பகலில் வெயிலும் கூசும், பறவைகளும் ஒதுங்கிவிடும். கண்ணைப் பறிக்கும் நிற ஆடை, உரத்த பேச்சு, நாய் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கரையை விட்டு நீர்ப்பக்கம் இறங்கக் கூடாது. தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால் வெயிலில் குஞ்சு வாடிவிடும். காக்கையும் முட்டையைக் கொத்திவிடும்.

குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் முதலியவை கூடு கட்டுகின்றன. ஊருக்குள் வீட்டருகே நிற்கும் மரங்களிலும் நாரைகள் குஞ்சு பொரிப்பது உண்டு. ஊர் மக்கள் அவற்றை விரட்டுவதில்லை. குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளையும் இங்கு காணலாம்.

பறவை தரும் உரம்

ஊர் மக்களின் பொறுமைக்குப் பலனும் உண்டு. நாரையும் கூழைக்கடாவும் சுற்றுவட்டாரக் குளங்களில் மீன் பிடித்து உண்கின்றன; எச்சத்தைக் கூட்டு மரத்தின் கீழ் விடுகின்றன. பல குளங்களின் தழைச்சத்தும் மணிச்சத்தும் இவ்வாறு ஒரே குளத்தில் வந்து சேர்கின்றன. சத்தின் ஒரு பகுதி பாசன நீரில் கரைந்து வயலுக்குப் போகிறது. எஞ்சியது கரம்பையில் தங்குகிறது. இந்தக் கரம்பையை மக்கள் வயலுக்கு உரமாக இட்டு வந்துள்ளனர். எச்சத்தைப் பச்சையாகச் செடியருகே இடக் கூடாது, வேர் கருகிவிடும். மண்ணோடு கலந்து மக்கிய பின்னரே இட வேண்டும்.

கரம்பை எல்லா நிலத்துக்கும் ஒன்றுபோல் பயன் தராது. செவல், மணல், சரளை நிலங்களில் அது ஈரத்தைப் பிடித்து நிறுத்தும். களித்தன்மை மிகுந்த கரிசலில் அந்தப் பலன் குறைவு. ஆகவே மண் பரிசோதனை செய்தபின் அடிப்பதே சிக்கனம்.

தூர்வாரும்போது கவனிக்க வேண்டியவை

பறவை கூடு கட்ட இரண்டு தேவை: தண்ணீர் சூழ்ந்த மரம், குஞ்சு பறக்கும்வரை வற்றாத நீர். நீர் வற்றினால் நாயும் பூனையும் மரத்தடிக்கு வந்துவிடும். கண்மாயை இயந்திரத்தால் தட்டையாக வழித்தெடுத்தால் இந்த இரண்டும் போய்விடும்.

1. அள்ளும் மண்ணில் ஒரு பகுதியைக் கண்மாயின் நடுவில் திட்டாகக் குவித்து, அதில் நாட்டுக் கருவேலை வளர்க்கலாம். திட்டு மடைக்கும் கலுங்குக்கும் வரும் நீரைத் தடுக்கக் கூடாது.

2. சீமைக் கருவேலை அகற்றும்போது நாட்டுக் கருவேலை வெட்டிவிடக் கூடாது. நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்தது போல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக் கருவேலின் பூ விரல் போல் நீண்டு தொங்கும். கூடு உள்ள மரம் எதுவானாலும் குஞ்சு பறந்த பிறகே தொட வேண்டும்.

3. கண்மாயின் ஒரு பக்கத்தில் மடை மட்டத்துக்குக் கீழே பள்ளம் விட்டால், கோடையிலும் சிறிது நீர் நிற்கும். ஆடுமாடுகளுக்கும் அது உதவும்.

4. மருந்து தெளிக்கும் கருவியையும் காலி டப்பாக்களையும் கண்மாயில் கழுவக் கூடாது. மீனும் அதைத் தின்னும் பறவையும் பாதிக்கப்படும்.

பொதுக் கண்மாயில் மண் அள்ளவும் மரம் வெட்டவும் முறையான அனுமதி வேண்டும். சரணாலயக் குளமாயின் வனத்துறையின் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது.

கூந்தன்குளம் தொலைவு என்று கருதுவோர், இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் வட்டத்தில் 1989ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களைப் பார்க்கலாம். அவையும் மானாவாரிச் சீமையின் கண்மாய்களே. மழை பொய்த்த ஆண்டில் அங்கு பறவை வராது. ஆதலால் கண்மாயில் நீர் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுச் செல்வது நலம்.

ஒருமுறை வழித்தெடுத்த கண்மாயில் மரம் மீண்டும் நாரையைத் தாங்கும் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். தூர்வாரும் முடிவை எடுக்கும் முன் ஊரிலிருந்து நாலு பேர் சேர்ந்து கூந்தன்குளம் கரையில் நடந்து வந்தால், எந்த மரத்தை விடுவது, எங்கே திட்டு அமைப்பது என்பதை நேரில் கண்டு முடிவு செய்யலாம்.