பழைய வண்டியின் கார்புரேட்டரைப் பேணுவோம்

வசூலுக்கும் கொள்முதலுக்கும் பழைய யெஸ்டி, ராஜ்தூத், புல்லட் வண்டிகளையே நம்பியிருப்போர் நம்மில் இன்றும் உண்டு. மைசூரில் யெஸ்டி தயாரித்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே இல்லை. உதிரிபாகம் அரிதாகிவிட்ட நிலையில், இருப்பதைக் காப்பதே சிக்கனம்.

ஜெட் நம் எடைக்கல்லைப் போன்றது. அளவு மாறினால் கணக்கே மாறிவிடும். அது மென்மையான பித்தளை. அடைத்துக்கொண்டால் இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. துளை சற்று அகன்றாலும் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். பிளக்கில் கரி படியும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மாற்றத்தான் வேண்டுமென்றால், அதில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள்; உள்ளே சலசலத்தால் ஓட்டை என்று பொருள்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் வாஷரை உப்ப வைக்கும். ஆகவே சில நாள் வண்டியை நிறுத்துவதானால், பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவோம்.

கழற்றிய ஊசி, ஜெட், ஸ்லைடு எதையும் எறியாமல் டப்பாவில் போட்டு எழுதி வைப்போம். இருப்பின் அருமை வியாபாரிக்குத் தெரியாததா?