யார் வரவில்லை?

2014-15இல் சியரா லியோனில் எபோலா பரவியது. நோய்க்குப் பலியானவர்கள் ஏறத்தாழ 3,950 பேர். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தோ, போன இடத்தில் கவனிக்க ஆளில்லாமலோ கூடுதலாக இறந்த தாய்மார்கள், பச்சிளங் குழந்தைகள், வயிற்றிலேயே இறந்த சிசுக்கள் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 3,600 இருக்கும் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். முதல் எண் அன்றாடம் செய்தியில் வந்தது. இரண்டாவது எண், யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

அதனால், கொள்ளைநோய்க் காலத்தில் தாய்-சேய் நலத்தைக் கண்காணிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, வழக்கமாக வருகிறவர்களில் யார் வரவில்லை என்பதை.

வரவேண்டியவர் யாரென்று தெரிந்தால்தானே வராதவரைத் தேட முடியும்? தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கர்ப்பம் உறுதியானதும், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து கண்காணிக்கும் அரசின் 'பிக்மி' இணையப் பதிவேட்டில் பதிவாகிவிடுகிறது. யாருக்கு எப்போது பிரசவம் என்ற பட்டியல் கிராம சுகாதார செவிலியர் கையில் இருக்கும். 2020 மார்ச்சில் கோவிட் ஊரடங்கு வந்தபோது பட்டியல் புதிதாகத் தயாரிக்க வேண்டிய நிலை இல்லை. போன் போட்டால் போதும்.

ஆனால் போனில் ரத்த அழுத்தம் பார்க்க முடியாது. இருபது வாரத்துக்குப் பிறகு அழுத்தம் ஏறினாலும், பல பெண்களுக்குத் தலைவலியோ பார்வை மங்கலோ வரும்வரை ஒன்றும் தெரியாது. "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று அவர் சொல்வது பொய்யல்ல. உடம்பு அவரிடம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ரத்த சோகையும் அப்படியே. எந்த ஊரடங்கிலும் நிறுத்தக் கூடாதது இந்த நேரடிப் பரிசோதனை.

குழந்தைகள் விஷயத்தில், அங்கன்வாடிகளை மூடியதும் எடை பார்ப்பதும் நின்றது. சத்துமாவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். எடை மெஷினை வீடு வீடாகத் தூக்கிப்போவது சிரமம். இதற்கு யுனிசெஃப் பல நாடுகளில் பரப்பிய வழி எளிமையானது: மேற்கையின் சுற்றளவை அளக்கும் வண்ண நாடாவைத் தாயிடமே கொடுத்துவிடுவது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு என்று பொருள்.

தடுப்பூசியில் விழுந்த ஓட்டை பெரியது. முத்தடுப்பு ஊசியின் முதல் தவணையே கிடைக்காத இந்தியக் குழந்தைகள் 2019இல் சுமார் 14 லட்சம். 2020இல் 30 லட்சம். கர்ப்பிணிகளுக்கு கோவிட் தடுப்பூசி போட மத்திய அரசு ஒப்புதல் தந்ததும் 2021 ஜூலையில்தான், இரண்டாம் அலை உச்சம் கடந்த பிறகு. அந்த ஆண்டு உலக அளவில் தாய் இறப்புகள் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 40,000 கூடின என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உங்கள் வீட்டில் கோவிட் ஆண்டுகளில் பிறந்த பிள்ளை இருந்தால் தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஊசி விட்டுப்போயிருந்தாலும் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது பாக்கி என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.