கத்தியும் முகமும் – 9: மூன்றாம் நாள் கண்ணாடி

சியோல் நகரத்து மெட்ரோவில் ஆப்குஜாங் நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால், மூக்கில் பிளாஸ்டரும் கண்ணுக்குக் கீழே ஊதா நிறத் தடமுமாக யாராவது எதிரே வருவார்கள். தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கங்னம் வட்டாரத்தில் அழகு சிகிச்சை கிளினிக்குகள் அவ்வளவு நெருக்கம். சில கட்டடங்களில் மாடிக்கு ஒன்று. முகம் வீங்கிய நிலையில் ஊர் திரும்பும் வெளிநாட்டவருக்கு, பாஸ்போர்ட் படத்தில் இருப்பவர் இவர்தான் என்று சில மருத்துவமனைகள் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததாகக்கூடச் செய்திகள் வந்தன.

ஆபரேஷன் முடிந்த அன்று மாலை பெரும்பாலானவர்கள் தைரியமாகவே இருக்கிறார்கள். கலங்கிப்போவது மூன்றாம் நாள் காலையில். இரண்டாம் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள்தான் வீக்கம் உச்சத்துக்குப் போகும். நேற்று திறந்திருந்த கண் இன்று பாதி மூடிக் கிடக்கும். கண்ணாடியில் தெரிவது காசு கொடுத்து வாங்கிய முகம் இல்லை, அடிவாங்கிய முகம். “ஏதோ தப்பாகிவிட்டது” என்று கிளினிக்குக்குப் போன் பறப்பது அப்போதுதான். இந்த மூன்றாம் நாளைப் பற்றி முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லாத டாக்டர், தன் வேலையில் பாதியைத்தான் செய்திருக்கிறார்.

மூக்கில்தானே கை வைத்தார்கள், கண் ஏன் கறுக்கிறது? மூக்கைக் குறுக்க எலும்பை இரண்டு பக்கமும் வெட்டி உள்ளே தள்ளுவார்கள். அப்போது கசியும் ரத்தம், இளகிய சதை எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும். முகத்திலேயே கண்ணிமைத் தோல்தான் ஆக மெல்லியது. உள்ளே கட்டிய ரத்தம் அப்படியே வெளியே தெரிந்துவிடும். பிறகு நிறம் மாறத் தொடங்கும். ஊதாவும் கருநீலமும் சில நாளில் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும். ரத்தத்தின் சிவப்புப் பொருளை உடல் உடைத்து அப்புறப்படுத்தும் வழியில் முதலில் பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி வரும், அடுத்து பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி. மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவதும் இதே பிலிரூபின்தான். கண்ணடிக் கறை கன்னத்துக்கும் தாடைக்கும் இறங்கினால் பரவுகிறது என்று பயப்படுவார்கள். பூமியின் ஈர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ரத்தம் கட்டுவதைக் குறைக்கும் வேலை ஆபரேஷனுக்கு முன்பே ஆரம்பிக்கிறது. ஒரு ஆஸ்பிரின் மாத்திரை, அது தொட்ட ரத்தத் தட்டணுக்களை அவற்றின் ஆயுள் முழுக்க, அதாவது ஒரு வாரம் பத்து நாளுக்கு, செயலிழக்கச் செய்துவிடும். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். இதய நோய்க்காகச் சாப்பிடுபவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, கொரியாவில் வீட்டுக்கு வீடு இருக்கும் ஜின்செங் எல்லாம் அதே பட்டியலில் உண்டு. ‘மூலிகைதானே’ என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து.

பிறகு வீட்டுக் கவனிப்பு. இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுப்பது; குனியாமல், கனம் தூக்காமல், முக்காமல் இருப்பது; உப்பைக் குறைப்பது. முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், அதுவும் டாக்டர் சரி என்றால் மட்டும். முகத்தோலை இழுத்துத் தைக்கும் ஃபேஸ்லிஃப்டில் தோலுக்கு உணர்ச்சியும் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. ஐஸோ வெந்நீர்ப் பையோ சுட்டால்கூடத் தெரியாது. சிகரெட் அறவே ஆகாது. ஃபேஸ்லிஃப்டுக்குப் பின் தோல் கருகி உதிரும் ஆபத்து புகைப்பவர்களுக்குச் சுமார் 12 மடங்கு என்று நியூயார்க் சர்ஜன் தாமஸ் ரீஸ் குழு 1984-லேயே எழுதிவிட்டது. ஸ்டீராய்டு ஊசி முதல் இரண்டு நாள் வீக்கத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், பிறகு வித்தியாசம் தெரியாது. ஆர்னிகா என்ற மூலிகை மருந்தைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

கொரியாவில் இதற்கெல்லாம் மேலே பூசணிச் சாறு. பிள்ளை பெற்றவளின் உடல் வீக்கம் வடிய முற்றிய பூசணியைக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். அதே சாறு இன்று பாக்கெட்டில் அடைபட்டு மூக்கு ஆபரேஷன்காரர்களின் கைக்கு வந்திருக்கிறது. மருந்தென்று நிரூபணம் கிடையாது.

பிரசவ அறைக்காகப் பிறந்து இங்கே வந்த இன்னொன்றுக்கு நிரூபணம் உண்டு. போருக்குப் பிந்தைய ஜப்பானில் உதாகோ ஒகாமோட்டோவும் கணவர் ஷோசுகேயும் ஆராய்ச்சிக்கு ரத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பணம் இல்லை, ரத்தமென்றால் தங்கள் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர் உதாகோ. பிரசவத்தில் ரத்தம் கொட்டிச் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவர் குறி. 1962-ல் இருவரும் வெளியிட்ட மருந்து டிரானெக்சாமிக் ஆசிட். உறைந்த ரத்தத்தை உடல் தானே கரைத்துவிடாமல் அது தடுக்கும். மாதவிடாயில் அதிக ரத்தம் போகும் பெண்களுக்கு நம் ஊர் டாக்டர்களும் எழுதித் தரும் மாத்திரைதான். பிரசவ ரத்தப்பெருக்கில் இது உயிர் காக்கிறது என்பதை 21 நாடுகளில் சுமார் 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் உறுதிசெய்தது. முந்தைய ஆண்டே, 98 வயதில், உதாகோ காலமாகியிருந்தார். அவருடைய மருந்தை இன்று முக ஆபரேஷனிலும் கொடுக்கிறார்கள். ரத்தக்கசிவும் கண்ணடிக் கறுப்பும் குறைகின்றன. ரத்தக்கட்டி அடைப்பு வந்தவர்களுக்கு மட்டும் யோசித்தே கொடுப்பார்கள்.

எல்லா வீக்கமும் பொறுத்திருக்கக் கூடியதல்ல. ஃபேஸ்லிஃப்ட் முடிந்த முதல் 24 மணி நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி வீங்கி வலித்தால், தோலுக்கடியில் ரத்தம் சேர்கிறது என்று பொருள். பெண்களைவிட ஆண்களுக்கு இது அதிகம். ரத்த அழுத்தம் ஏறினால் இன்னும் அதிகம். உடனே திறந்து வெளியேற்றாவிட்டால் மேல் தோல் செத்துப்போகும். இமை ஆபரேஷனுக்குப் பிறகு கண் பிதுங்கி, கடுமையாக வலித்து, பார்வை மங்கினால் கைவசம் இருப்பது ஒன்றரை மணி நேரம் போலத்தான். கண்ணுக்குப் பின்னால் தேங்கும் ரத்தம் பார்வை நரம்பை நெரித்துவிடும். அந்த நேரத்தில் போனில் ஆறுதல் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, ஆம்புலன்ஸில் ஏறியிருக்க வேண்டும்.

பிளாஸ்டர் ஒரு வாரத்தில் பிரியும், வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் போதும். மூக்கு நுனி வீக்கம் மட்டும் அடம்பிடிக்கும். மெல்லிய தோலில் சீக்கிரம் வடியும். கொரியர்கள், இந்தியர்கள் பலருக்கும் உள்ள தடித்த தோலில் ஓராண்டும் தாண்டும். நுனி மொத்தையாக இருக்கிறது, திருத்திக் கொடுங்கள் என்று நான்காம் மாதம் வந்து நிற்பவர்களிடம் நல்ல சர்ஜன் கத்தி எடுப்பதில்லை. ஆறாம் மாதம் ஒரு போட்டோ, பன்னிரண்டாம் மாதம் ஒரு போட்டோ, அதற்குப் பிறகு பேசலாம் என்று தேதி குறித்து அனுப்பிவிடுகிறார்.

(தொடரும்)